மேற்கு வயலுக்கு லீவு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் மாமாவின் முழங்கால் மட்டும் அவர் எழுந்திருக்கும்போதெல்லாம் தனியாக ஏதோ பேசுகிறது.

பெரிய செய்தி, மேற்கு வயலை இந்த வருஷம் தரிசாகப் போட்டுவிட்டோம். போன தடவை வெங்காயம் பூண்டு அளவுக்குத்தானே வந்தது? விடாமல் பயிர் வைத்து மண் ஓய்ந்துவிட்டது. ஒரு வருஷம் சும்மா கிடக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

சொன்னதுதான் தாமதம், ஊருக்கு வேலை கிடைத்துவிட்டது. டிராக்டர்காரர், "என்னக்கா, வித்துட்டீங்களா?" என்றார். பக்கத்து வயல்காரி துக்கம் விசாரிக்கிற குரலில், "வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கேட்டாள். அதே நேரம் மாமா சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போக, பாவம், ஏமாந்து போனாள்.

அவர்களைச் சொல்வானேன், எனக்கே கை சும்மா இருக்கவில்லை. மாமா அசந்த நேரம் பார்த்து ஒரு மூலையில் பூசணி விதையை ஊன்றிவிட்டேன். பூசணிக்கு ஒளியத் தெரியுமா? வரப்பேறி வந்து மஞ்சளாகப் பூத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. "லீவும் குடுத்துட்டு, வீட்டுக்கே வேலையையும் குடுத்தனுப்புற மேனேஜர் நீ" என்று மாமா சொல்லி, என் கையாலேயே பிடுங்க வைத்தார். நேற்று ஒரு பிடி மண் அள்ளிப் பார்த்தேன். பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு மண்புழு, என்னைப் பார்த்து முறைத்தது.

சரி, உன் விஷயம். நீ வேலையை விட்டது எனக்குத் தெரியும். உன் அறை நண்பனைத் திட்டாதே; அவன் உளறவில்லை, நான் கறந்தேன். படிப்பு முடிந்த கையோடு எங்களுக்காக ஓட ஆரம்பித்தவன் நீ. இப்போது பகலெல்லாம் கட்டிலிலேயே கிடக்கிறாயாம். ஊருக்குப் போனால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறாயாம். கேட்பார்கள்தான். தரிசுக்காக ஊர் முழுக்கப் பதில் சொன்ன வாய், உனக்காகப் பேசாதா?

இங்கே உன் அறையிலிருந்த தையல் மிஷினை நகர்த்திவிட்டு, கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். படுத்தபடியே மேற்கு வயல் தெரியும். அதைப் பார்த்து, "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நன்றாயிரு. கிளம்பி வா. சத்தியமாக, முந்தானையில் எந்த விதையும் முடிந்துகொண்டு உன் பக்கம் வரமாட்டேன்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா