மொட்டைமாடியில் என் செம்பு

ஆகஸ்ட் 9, வியாழன்

குழந்தை இப்போதுதான் தூங்கினாள். பிரசவ லீவு முடிந்து இன்று லேபுக்குப் போனேன். நிலவறையில் என் செம்புத் தகடுகளைக் காணவில்லை. வெளிக் கதிர் உள்ளே வராமல் டிடெக்டரைச் சுற்றி வைக்க ஒரு வருஷம் அலைந்து வாங்கிய சுத்தமான செம்பு.

அட்டெண்டர் மணியண்ணன் சிரித்துக்கொண்டே மொட்டைமாடி ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். "கீழே ஒரே ஈரமாக்கும் மேடம். பச்சை பிடிச்சுடும்னு நான்தான் மேலே ஏத்தினேன். புளி போட்டுத் தேய்ச்சிருக்கேன், பாருங்க." சாலை பஜார் பாத்திரக் கடையில் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது.

ஆறு மாசம் வெறும் தகரக் கூரைக்குக் கீழே. வானத்திலிருந்து வரும் கதிர் பட்டுச் செம்புக்குள்ளேயே கதிர் வீசும் கோபால்ட் உண்டாகியிருக்கும். ஆளை ஒன்றும் செய்யாது. நாங்கள் தேடும் மெல்லிய சிக்னலை மட்டும் மூடிவிடும். அதை எந்தப் புளியும் எடுக்காது.

மணியண்ணனைத் திட்ட மனசு வரவில்லை. "நகர்த்தாதீர்கள்" என்று எழுதி ஒட்டிய நான் அதற்குக் காரணம் எழுதவில்லை. என் ஆராய்ச்சி கைடுக்குக் காரணம் தெரியும். தினமும் அந்த ஷெட் பக்கம்தான் சிகரெட் பிடிக்கப் போவார். இன்று சொல்கிறார்: "நீதான் லீவுல போயிட்டியேம்மா. புதுசு வாங்கக் கேக்காதே. திரும்பக் கீழே வை, தானே அடங்கும்."

பாதி அடங்கவே அஞ்சு வருஷம். என் ஃபெலோஷிப் மார்ச்சில் முடிகிறது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்துக்கொண்டே, "அஞ்சு வருஷத்துல குழந்தை ஸ்கூலுக்குப் போயிடுவா. அப்புறம் நிம்மதியா பண்ணேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மணியண்ணனும் நல்ல மனசோடுதான் தேய்த்தார்.