ஒன்பதாயிரம் கண்களின் அதிபதி

மார்ச் 4
ஒன்பதாயிரம் கண்களுக்கு அதிபதி, இந்த ராணுவத் தளத்தில் தும்மியவனையும் கொட்டாவி விட்டவனையும் அறிந்த மகாப்பிரபு — அதாவது கண்காணிப்பு அறைக் காவலனாகிய நான் — இன்றும் செஸ்ஸில் மச்சானிடம் தோற்றேன். தங்கை புருஷன். குழாய் ஃபிட்டர், ஆட்டத்திலும் ஸ்பேனர் போட்டுத்தான் முறுக்குகிறான். தளத்திலேயே கேமரா இல்லாத ஒரே அறை என்னுடையது. கண்ணுக்கே கண் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். வெளியாள் நுழையக்கூடாது என்று கதவில் எழுதியிருக்கிறது. மச்சான் வெளியாளா என்ன?

மார்ச் 6
மூன்றாம் கூடத்தில் காற்றுக்குழாய் பிளந்துவிட்டது. காற்றே இல்லாத கோள் இது. ஒரு சிப்பாய் மூச்சுமுட்டிச் செத்துப்போனான். தாடி கூடச் சரியாக முளைக்காத முகம்.

மார்ச் 7
மச்சானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்!

குழாய் பிளந்த நேரத்தில் எந்த கேமராவிலும் தென்படாதவன் யார் என்று, படங்களில் ஆள் தேடும் இயந்திரத்தைக் கேட்டார்களாம். பணியில் இருந்த என்னைத் தவிர்த்தால் ஒரே ஒருவன். தென்படவில்லை, ஆகவே குழாயை அறுத்தவன் அவன்தான். மச்சான் வாயே திறக்கவில்லை. என் அறையில் இருந்தேன் என்றால் என் வேலை போய்விடுமே. மடையன். மடையன்.

அவன் மகள் சீருடையோடு வந்து நின்றாள். கமாண்டரைப் பற்றி வாய்க்கு வந்த வேடிக்கைக் கதையெல்லாம் சொன்னேன், சிரிக்கவில்லை.

"மாமா, அப்பா எங்க இருந்தாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? நாளைக்குத் தீர்ப்பு. கதவத் தெறந்து வெளிய தள்ளிடுவாங்க மாமா."

மார்ச் 8
சொல்லிவிட்டேன். என்னோடுதான் இருந்தான், செஸ் ஆடினோம் என்று. விசாரணை மேஜர் அம்மா அதட்டவில்லை. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

"நீங்க செஸ் ஆடினீங்கன்னா, திரைய யாரு பாத்தா?"

ஒரு விதி உண்டு இங்கே. கேமராப் படத்தை எதிரி போலியாகவும் செய்யலாம். அதனால் அந்த நேரத்தில் கண்ணால் பார்த்தேன் என்று காவலன் சத்தியம் செய்தால்தான் படம் செல்லும்.

"யாரும் பாக்கலைங்க. அன்னைக்கு மட்டும் இல்ல."

அவ்வளவுதான், மச்சானுக்கு எதிரான சாட்சியம் செல்லாக்காசு. மேஜர் மற்ற ஷிஃப்ட்காரர்களையும் வரவழைத்தார். நேற்று தன் ஷிஃப்டில் திரையை முழுக்கப் பார்த்தவர் கை தூக்கலாம் என்றார்.

ஒரு கைகூட எழவில்லை. ஒருவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒன்பதாயிரம் கண். எத்தனை வருஷமாக இப்படி? எதிரி குடும்பத்தோடு வந்து குடியிருந்தால்கூட —

மார்ச் 9
குழாயைப் பிரித்தார்கள். யாரும் அறுக்கவில்லை. இணைப்பில் பனி ஏறி ஏறி, தானே பிளந்திருக்கிறது. ஆளைத் தேடிய அவசரத்தில் குழாயை யாரும் பார்க்கவில்லை.

பழைய படத்தை ஓட்டிக் காட்டினார்கள். பனி நாள்தோறும் வளர்கிறது, வெள்ளை வெளேரென்று. இயந்திரம் கூவவில்லை; மனிதர்களைப் பிடிக்கத்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். என் திரை. என் நாற்காலிக்கு நேர் எதிரே இருந்த திரை.

பார்த்திருந்தால் —

மார்ச் 10
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17
வேலை போனது. தளத்தை விட்டு அனுப்பவில்லை. குழாய்ப் பிரிவில் எடுபிடி. மச்சான்தான் மேஸ்திரி. முதல் வேலையாக மூன்றாம் கூடத்துக்குப் போகச் சொன்னான். "வேற ஆள அனுப்பட்டுமா மச்சான்?" என்றும் கேட்டான். வேண்டாம் என்றேன்.

கூடத்தில் மறுபடி காற்றை நிரப்பியிருந்தார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, பனி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தேன். விரல் இன்னும் மரத்துக் கிடக்கிறது. எழுத்து கோணல்மாணலாக வருகிறது.