தெரேசாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடு

குத்தாலம்,
6-10-2018, சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அதனால் மனசுக்கும் பாதி சுகம். மீதிப் பாதி உன் பக்கம் இருக்கிறது. உன் வலது முழங்கால் எப்படி இருக்கிறது, கம்பளி போதுகிறதா, அந்த ஊர் ரொட்டி வயிற்றில் நிற்கிறதா என்று முதலில் எழுது. நீ அனுப்பிய செய்தி வந்து எட்டு நாள் ஆகிறது, பதில் போடத் தாமதம் பண்ணிவிட்டேன். நடுவில் இரண்டு தடவை நீயே ஃபோனில் கூப்பிட்டாய், நானும் சாப்பிட்டியா குளிருதா என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அது வாயில் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முடித்ததும் அப்பா படம் பிடித்து அனுப்புவார், பக்கம் முன்பின்னாக வந்தால் நீயே அடுக்கிப் படித்துக்கொள்.

இந்த வருஷம் மேட்டூர் நிரம்பி ஆறு கரை தொட்டு வந்ததால் சம்பா நடவு நேற்றோடு முடிந்தது. நட்ட வயல் இப்போது வெறும் தண்ணீர்தான், நாற்று நுனி மட்டும் பச்சைப் புள்ளியாகத் தெரிகிறது, மேகம் போனால் வயலுக்குள்ளும் மேகம் போகிறது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால் எது இந்த ஊர், எது நீ இருக்கிற ஊர் என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போகிறது. உங்கள் கால்பந்து கிளப்பில் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள் என்று நீ அனுப்பினாயே, படம் போட்ட போர்ச்சுகீஸ் சொல் பட்டியல், அதை நான் நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அரிசி டின்னுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். போலா என்றால் பந்து, ரெல்வா என்றால் மைதானத்துப் புல், ரெத் என்றால் வலை. க்வார்தா ரெதிஷ் கோல் காக்கிறவர். மீஞா என்றால் பந்து எனக்கு, யாரும் வராதீர்கள். கோஷ்டஷ் என்றால் முதுகுப் பக்கம் பார், ஆள் வருகிறது. உலை கொதிக்கும்போது மீஞா, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது கோஷ்டஷ் என்று சொல்லிப் பழகுகிறேன். ஸோஸீஞா என்கிற சொல்லுக்குத் தனியாக என்று அர்த்தம் போட்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை, இதை எதற்கு என் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று. அப்புறம் நீதான் சொன்னாய், உன்னைச் சுற்றி எதிராளி யாருமில்லை, நிதானமாக ஆடு என்று கூட்டாளி கத்துகிற சொல்லாம் அது. எத்தனை நல்ல ஏற்பாடு. நாம் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நமக்காக இன்னொருத்தி சுற்றிலும் பார்த்துச் சொல்கிறாள். அதிலிருந்து மத்தியானம் கண் அசந்தால் அந்த மைதானம்தான் வருகிறது. ரெல்வா முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, நீ தண்ணீர் மேலேயே ஓடுகிறாய், உன் கால் பட்டு ஒரு நாற்றும் சாயவில்லை. வாயைத் திறக்கிறாய், சத்தம் மட்டும் வரவில்லை. நான் வரப்பில் நின்று எந்தச் சொல் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

புதன்கிழமை ஜெக்கரியா சார் தஞ்சாவூரிலிருந்து வண்டியிலேயே வந்துவிட்டார். உன்னை அந்த நாட்டுக்கு அனுப்பி வைத்தவர், அவருக்கும் தூக்கம் இல்லை பாவம். உங்கள் கோச் அம்மா அவருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்களாம். தண்ணீர்கூடக் குடிக்காமல், “கால்ல எல்லாம் இருக்காம்மா, வாய்லதான் ஒண்ணும் இல்லையாம். தடுப்பு ஆட்டக்காரி பேசாம நின்னா பின்னால இருக்கறவங்களுக்குக் கண்ணு போன மாதிரியாம். பதினாலாம் தேதி ஆட்டத்துல பாத்துட்டு, அப்பவும் இப்படியேன்னா ஊருக்கு அனுப்பிடறேன்னு எழுதியிருக்காங்க” என்றார். அப்பா உடனே, “வந்தா வரட்டும் சார், நம்ம புள்ள நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு என்ன” என்று பெரிசாகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் முந்தின நாள் வெட்டிய வரப்பையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்து, “புள்ளைக்கு வார்த்தை வரலியா, பயமா?” என்று கேட்டார். பட்டியலில் இருக்கிற வார்த்தை அறுபதும் அவளுக்கு மனப்பாடம் சார் என்றேன். பயமும் இல்லை என்றேன். வேறென்ன என்று அவர் கேட்டபோது தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

எனக்குப் பதில் தெரியும். நீ எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா. கோல் காக்கிற தெரேசா கம்பத்தை விட்டு முன்னால் ஓடி வந்தார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் எதிராளி ஒருத்தி ஓடி வந்ததை நீ மட்டும்தான் பார்த்தாய். தெரேசா, கோஷ்டஷ். இரண்டே சொல்தான் கத்த வேண்டியிருந்தது. “அக்கான்னு கூப்பிட்டா அவங்களுக்குப் புரியாது. முப்பத்தி நாலு வயசும்மா, பேர் சொல்ல வாய் வரல. அதுக்குள்ள கோல் விழுந்துடுச்சு.” அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதோடு, பயிற்சி நேரத்தில்கூடப் பெரியவர்கள் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் பக்கத்தில் ஓடிப்போய் மெல்லச் சொல்கிறாய் என்றும், அதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள் என்றும். சிரித்தவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை மதி. அந்த வாயை யார் மூடினார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

உனக்கு அப்போது எட்டு வயது. நிலமில்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கர் என்று அரசாங்கம் அறிவித்திருந்த சமயம், குத்தகையைப் பதிவு பண்ணு என்று ஊரில் கொடி பிடித்துப் போன சமயம். நமக்கு மிராசு வீட்டு ரெத்தினத்தின் நிலம்தான், ஒன்றே முக்கால் ஏக்கர், எழுத்தில்லாத வாய்க் குத்தகை. எங்கே இவர்களும் பதிவுக்குப் போய்விடுவார்களோ என்று மிராசுக்காரர்கள் குத்தகைக்காரர்களை ஒவ்வொருத்தராகக் கழற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள், இந்த போகம் நாமா அடுத்த போகம் நாமா என்று நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் உன் அப்பா அந்த மனிதரை ரெத்தினம் வந்தான் ரெத்தினம் போனான் என்றுதான் பேசுவார், வாசலைத் தாண்டினால் ஐயா. உனக்கு வீட்டுக்குள் கேட்டதுதான் தெரியும். அன்றைக்குச் சேறடிக்க டிராக்டர் இறங்கியிருந்தது, அவர் குடையும் கையுமாக வயல் ஓரத்தில் முதுகைக் காட்டி நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார், வண்டி பின்னால் வருவது அவருக்குத் தெரியவில்லை, ஓட்டுகிறவனுக்கும் அவர் நிற்பது தெரியவில்லை. நீ வாய்க்கால் கரையிலிருந்து, “ரெத்தினம், பின்னால வண்டி!” என்று கத்தினாய். என்ன குரல் அது. கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அவர் துள்ளி வரப்பில் ஏறினார், குடை சக்கரத்துக்கு அடியில் போனது.

நடவு ஆட்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் உயிர் பிழைத்ததைப் பார்க்கவில்லை, பெயர் சொன்னதைத்தான் பார்த்தார்கள். நானும் அப்படித்தான். கும்பகோணத்தில் மூன்று வருஷம் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள், சேற்றுக் காலோடு ஓடி வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். கையைப் பிடித்து இழுத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தி, ஐயா மன்னிச்சுக்குங்க, இனிமே கத்த மாட்டேன் என்று சொல்ல வைத்தேன். நீ அழவே இல்லை, சொன்னதைச் சொன்னாய். அவர், “சரி சரி, புள்ளைய அடக்கி வளங்க” என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடிப் போனார். அந்த போகம் நிலம் நம்மிடமே இருந்தது. நான் பண்ணினது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் நீ சத்தம் போடும்போதெல்லாம் பார்வையாலேயே அடக்கினேன், பெரியவங்க பேர் சொல்லாதே, குரலை உசத்தாதே என்று. மூன்று வருஷம் கழித்து அவர் பிள்ளைகள் வந்து நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. நாம் எத்தனை மரியாதையாக நின்றோம் என்று அவர்களுக்கு ஞாபகமே இல்லை. இப்போது நாம் பண்ணுகிற ஒரு ஏக்கர் கையெழுத்துப் போட்டுப் பதிவு பண்ணின குத்தகை, அது உன் அப்பா நாலு பேரோடு ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டு வந்தது. உன்னை அடித்த அடி எதையும் காப்பாற்றவில்லை மதி. இதைத்தான் எட்டு நாளாகச் சொல்ல முடியாமல் இருந்தேன்.

இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று நேற்று நடவில்தான் எனக்குப் புரிந்தது. குனிந்து நட்டுக்கொண்டே மீஞா, கோஷ்டஷ், ஸோஸீஞா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, பக்கத்து வரிசையில் காத்தாயி, நடவுக்கு ஆள் கூட்டி வருவாளே அவள்தான், “ஏ அம்சு, என்னா மந்திரம் ஓதுற, ஒம் புருசன் துரைராசு அண்ணன்தான் எப்பவோ கவுந்து கெடக்கே, இன்னும் யாருக்குடி வசியம்?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னேன், உன் சங்கதி முழுக்க. சொல்லச் சொல்ல அவள் கை நாற்றோடு நின்றுவிட்டது. அந்த டிராக்டர் நாளன்று அவளும் வயலில் இருந்தவள். “அம்சு, நீ அடிச்சியே, எனக்கு இன்னிக்கும் கண்ணுல நிக்குது. அன்னிக்கு அந்தப் புள்ள, ஐயா கொஞ்சம் தள்ளிக்குங்க ஐயா, பின்னால வண்டி வருதுங்க ஐயான்னு மரியாதையா சொல்லியிருக்குன்னு வய்யி, நாமெல்லாம் அந்தாளுக்குப் பதினாறாம் நாள் சோறு தின்னுட்டு வந்திருப்போம்” என்றாள். வயலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, வந்த கையோடு அழுகையும் வந்தது, சேற்றுக் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் நின்றேன். காத்தாயி ஒன்றும் கேட்காமல் என் பங்கு நாற்று முடிகளையும் சேர்த்து நட்டுக்கொண்டு போனாள்.

அதனால் இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள், இதை உன் அம்மா யோசித்துத்தான் சொல்கிறேன். மைதானத்தில் தெரேசாவுக்கு நீ கொடுக்க வேண்டிய மரியாதை, அவர்கள் முதுகுக்குப் பின்னால் வருவதை அவர்களுக்கு முன்னால் நீ சொல்வதுதான். பெயரைச் சொல். முழுசாக, சத்தமாக, ஒரே மூச்சில் சொல். ஆட்டம் முடிந்த பிறகு வேண்டுமானால் அவர்கள் பையைத் தூக்கிக் கொடு, சாப்பாட்டு மேசையில் அவர்கள் எடுத்த பிறகு எடுத்துக்கொள், அதெல்லாம் நம் பழக்கம், அது இருக்கட்டும். இதைப் பழகாமல் அன்றைக்கே எடுத்தவுடன் வராது. நாளைக்கு ஞாயிறு, உனக்குப் பயிற்சி இல்லை என்றாய். அங்கே காலை பத்து மணிக்கு, இங்கே மத்தியானம் இரண்டரை, ஃபோனை எடுத்துக்கொண்டு அந்த ரெல்வா நடுவில் போய் நின்று என்னைக் கூப்பிடு. அம்மா என்றால் வைத்துவிடுவேன். அம்சவல்லி என்று கூப்பிட வேண்டும். எனக்கு நாற்பத்திரண்டு, தெரேசாவைவிட எட்டு வயது பெரியவள், பெற்றவள் வேறு. என்னைக் கூப்பிட வந்துவிட்டால் அவர்களைக் கூப்பிட வராதா. அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்று நினைப்பார்களே என்று யோசிக்காதே, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவிடம் சொன்னேன், தலையைச் சொறிந்துகொண்டு, “என்னையும் கூப்புடச் சொல்லு, யாரு குரல் பெரிசுன்னு பாக்கலாம்” என்கிறார். அவரையும் கூப்பிடு. சும்மா சொல்லவில்லை, கல்லூரியில் வருகைப் பதிவு எடுத்தார்களே, அதற்கப்புறம் என் பெயரை யாரும் முழுசாகச் சொல்லி நான் கேட்கவில்லை. உன் குரலில் கேட்க ஆசையாகவும் இருக்கிறது. எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மூன்று தடவை பேனா நின்றுவிட்டது.

பதினாலாம் தேதிக்குப் பிறகு அவர்கள் என்ன முடிவு சொன்னாலும் சொல்லட்டும். வைத்துக்கொண்டால் ஆடு. அனுப்பினால் வா, வாசலில் நின்று ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் நின்றுவிட்டு மட்டும் வராதே. முழங்காலுக்கு நான் கட்டிக் கொடுத்த எண்ணெயைச் சூடு பண்ணித்தான் தேய்க்க வேண்டும், பச்சையாகத் தேய்க்காதே. தலை காயாமல் வெளியே போகாதே. ஜெக்கரியா சாருக்கு இரண்டு வரி எழுதிப் போடு, பாவம் அவர். காவிரித் தண்ணீர் எந்த மேட்டிலும் தேங்காமல் கடைமடை வரை போய்ச் சேருகிற மாதிரி உன் குரல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும், காலும் கையும் நோவில்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும். நாளை இரண்டரைக்கு ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
அம்சவல்லி