அது தேங்கின தண்ணீர் இல்லை

இன்று காலை அலுமாரியை ஒதுக்க வந்த மகன், உங்கள் ரப்பர் சப்பாத்துகளைக் கழுவவென்று எடுத்தான். அடியில் காய்ந்திருந்த கறுப்புச் சேற்றில் சுடுதண்ணீர் பட்டதும் அந்தச் சதுப்பின் புளித்த மணம் வீடெங்கும் எழும்பியது. எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மீதும்தான்.

இங்கே ஒஸ்லோவுக்கு வருமுன், வெகு வடக்கே பின்மார்க்கில் நாம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலம். கோடையில் லீவு கிடைத்தால் மரமே இல்லாத அந்த வெளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போவீர்கள். பார்த்த இடமெல்லாம் தண்ணீர். நுளம்பு முகத்தை மொய்க்கும். முதல் நாளே, கூட வந்த, எங்களோடு வேலை செய்யும் அந்த நாட்டுப் பெண்ணிடம் "இந்தக் குளத்தை ஆர் கட்டினது?" என்று கேட்டீர்கள். குளமெல்லாம் மனிதர் அணை கட்டி உண்டான வன்னியில் வளர்ந்த உங்களுக்கு, கட்டாத குளமும் உண்டென்று தெரியாது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து தொழிற்சாலையில் உங்களுக்குப் பெயர் குளம் கட்டுறவர்.

நீங்கள் வெட்கப்படவில்லை. ஒவ்வொரு குளமாக அணை தேடினீர்கள். அணை இல்லை, பாசிக்கு அடியால் ஒரு குளம் மற்றக் குளத்துக்குள் கசிந்துகொண்டிருந்தது. குப்புறப் படுத்துக் காதை வைத்தீர்கள். "இஞ்சை வாருமப்பா, கேளும். ஓடுது." நானும் படுத்துக் கேட்டேன். "என்னை இஞ்சைதான் கரைக்கவேணும்" என்றீர்கள். என்னிடம் மட்டும்.

நீங்கள் கண்மூடியதும் அதை எல்லாரிடமும் சொன்னேன். உங்கள் தமையன் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியிலிருந்து வந்து, "தேங்கின தண்ணியிலை ஆரும் அஸ்தி கரைக்கிறதே? அஞ்சாம் வகுப்போடை நிண்ட உமக்கு என்ன விளங்கும்?" என்றார்.

"அது தேங்கின தண்ணி இல்லை. ஓடுறதை என்ரை காதாலை கேட்டனான்!" என்று கத்தினேன்.

"பெரியப்பா சொல்லுறபடி செய்வம் அம்மா" என்றான் மகன். ஒஸ்லோக் கடலில் கரைத்துவிட்டு வந்து வடையும் சாப்பிட்டார்கள். உயிரோடு இருக்கையில் அவனிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்கள் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

இன்று நான் சொல்லிவிட்டேன். "என்னை அந்தக் குளத்திலைதான் கரைக்கவேணும்."

அவன் திகைத்துப்போனான். "அப்பா இஞ்சை. நீங்கள் தனியா அங்கையோ?"

"ஓம். கொப்பர் கேட்ட இடத்துக்கு நானாவது போறன். பெரியப்பாவுக்கும் இப்பவே சொல்லு."

அவன் போன பிறகுதான் அழுகை வந்தது. உங்கள் பக்கத்தில் இருப்பதா, உங்கள் சொல்லைக் காப்பதா என்று என்னைத் தெரிவு செய்ய வைத்துவிட்டார்கள். நான் சொல்லை எடுத்துக்கொண்டேன். கோபம் தீரவில்லை, அதையும் சேர்த்துத்தான் அங்கே கொண்டுபோவேன்.