யார் வீட்டுக் கதிர்?

அன்பு மகன் சுவெனுக்கு, அம்மா இஷ் கான் ஆசியோடு எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம். வான்கோழிகளும் சுகம்தான், புத்தாண்டு விருந்தில் தின்றவற்றைத் தவிர. என் எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. அரண்மனை எழுத்தரான உன் தாத்தாவிடம் படித்தவள்தான், ஆனால் தூரிகையைத் தொட்டு எத்தனையோ காலமாயிற்று.

நீ சொல்லியனுப்பியதை உப்பு வியாபாரி மோ வந்து சொன்னான். மருமகளுக்கு மாதம் நெருங்கிவிட்டதாம். தொப்புள்கொடியை யார் வீட்டுச் சோளக்கதிரின் மேல் வைத்து அறுப்பது என்று கேட்டிருக்கிறாய். "எங்க வீட்டுக் கதிர்தான்" என்று சம்பந்தி ஒற்றைக்காலில் நிற்கிறாராம். நிற்பார், ஏன் நிற்கமாட்டார்! ரத்தம் பட்ட மணிகளை எந்த மண்ணில் விதைக்கிறோமோ அந்த மண்ணுக்குத்தானே பிள்ளை சொந்தம்? பெண் கொடுத்தவர் வீட்டில் நீ உழைக்கவேண்டிய காலம் இந்த மழையோடு முடிகிறது. பெண்டாட்டியோடு நீ இங்கே வரவேண்டிய நேரத்தில் அவர் கதிரை நீட்டுகிறார் என்றால் எனக்குப் புரியாதா?

அன்றைக்கு வந்த கோபத்தில் மாவரைக்கிற கல்லே பாதி தேய்ந்திருக்கும். "வீட்டோட மாப்பிள்ளையா வெச்சுக்கப் பாக்குறாரு, நீங்க என்ன வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "அவன் என்ன சின்னப்புள்ளையா? அவனுக்கு எது தோணுதோ..." என்று இழுத்தார். இழுத்தது இழுத்தபடியே வயலுக்கும் கிளம்பிவிட்டார்.

உன் சித்தப்பா தோக் அடித்த கூத்தைக் கேள். ஆண்டுக் கடைசியில் வரும் கெட்ட நாட்களைக் கணித்துச் சொல்வது அவர் வேலையாயிற்றே. இந்த முறை ஒரு நாள் முந்தியே தொடங்கிவிட்டதென்று சொல்லிவிட்டார். ஊரே குளிக்காமல், தலை வாராமல், வாசல் தாண்டாமல் கூடுதலாக ஒரு நாள் நாறிக் கிடந்தது. "வானத்தப் பாத்து எண்ணினாரா, கூரையப் பாத்து எண்ணினாரா?" என்று சந்தையில் இன்னும் கிண்டல் ஓயவில்லை.

மோவுக்குச் சாப்பாடு போட்டபோதுதான் மீதியைச் சொன்னான். அரசரின் உருவத்தை நெடுங்கல்லில் வெட்டி முடித்துவிட்டாயாம். ஓரத்தில் உன் பெயரையும் வெட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். "அத்தே, அந்தப் பக்கம் போறவன் வர்றவன் எல்லாரையும் இழுத்து நிறுத்தி, அதத் தொட்டுத் தொட்டுக் காட்டுறான்" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் தோட்டத்துப் பக்கம் போய்க் கொஞ்சம் அழுதேன், வருத்தத்தில் இல்லை.

இங்கே யாரும் புதுக்கல் நாட்டுவதில்லை. கோயில் படியில் விரிசல் விட்ட இடத்தில் சுண்ணாம்பு பூசுவதுதான் கல்தச்சர்களுக்கு வேலை. நான் வாடா என்றால் நீ வந்துவிடுவாய், வாய் திறக்காமல் பூசவும் செய்வாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உனக்குச் சாப்பாடு போட என்னால் ஆகாது.

அதனால் ஒரு கதிரைத் துணியில் சுற்றி மோவிடம் கொடுத்திருக்கிறேன். உன் கொடி அறுத்தபோது விதைத்த மணிகளின் வழியில் வந்தது. குழந்தையின் கொடியை இதன்மேல்தான் அறுக்கவேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சம்பந்தியிடம் சொல். ஆனால் மணிகளை அங்கேயே விதைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டு அவர் ரொம்பவும் துள்ளாமல் பார்த்துக்கொள்.

மருமகள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும். அவளுக்கு மிளகாயைக் குறைத்துக் கக்காவ் கொட்டையை அரைத்துக் காய்ச்சிக் குடிக்கக் கொடு. பிள்ளை ஆணோ பெண்ணோ, உன் கை அதற்கும் வாய்க்கட்டும்.

அந்தச் சோளம் விளைந்ததும் முதல் கூழ் குழந்தைக்குத்தான், தெரியும். கூழுக்கு எடுத்ததுபோக மிஞ்சியதில் ஒரேயொரு கதிரை எனக்கு அனுப்பு கண்ணா. நானும் அந்த மண்ணில் விளைந்ததை ஒரு வாய் தின்றுகொள்கிறேன்.

உன் அம்மா