பந்து உருண்டையா சதுரமா

மோகனூர்
பகுதானிய வருஷம், தை மாதம்

என் மகள் கண்ணாத்தாளுக்கு அப்பன் அர்த்தநாரி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் அசலதீபேசுவரர் கிருபையால் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். சென்னைப் பட்டணத்தில் உன் சுகம் எப்படி என்பதை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். போன கடிதத்தில் முழங்கால் இப்போது தேவலை என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். முழங்காலுக்கு என்ன வந்தது என்று அதற்கு முந்தைய கடிதம் எதிலும் இல்லையே. தானாக விழுந்தாயா, யாராவது தள்ளிவிட்டார்களா, மருந்து போட்டது டாக்டரா அல்லது கூட இருக்கும் பெண்களா என்று மறைக்காமல் எழுது. கொழும்பில் ஆசியாக் கண்டத்துப் பெண்கள் எல்லாம் தேசத்துக்கு ஒரு கட்சியாகக் கூடிக் கூடைப்பந்துப் போட்டி ஆடப்போகிறார்கள், நம் தேசத்துக் கட்சியில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள், முதல் ஆட்டமே பர்மாக்காரிகளோடுதான் என்று நீ எழுதியதை நான் போன வாரம் வரைக்கும் முழுக்க நம்பவில்லை. இத்தனை பெரிய தேசத்தில் மோகனூர்ப் பெண்தானா அகப்பட்டாள், இதில் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் எண்ணியிருந்தேன். இப்போது நம்புகிறேன். நம்பும்படி ஆன சங்கதியைக் கேள்.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள், நான் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தபோது, சேலத்திலிருந்து ஒரு ஆள் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒல்லியான மனிதர், குடையும் மூக்குக் கண்ணாடியுமாக. வந்த காரியத்தைச் சொல்லாமலே, "கண்ணாத்தாங்கறது உங்க பொண்ணுங்களா, இந்த ஊர்லதான் பொறந்துதுங்களா, வெளிதேசத்துல எங்காச்சும் இருந்துதுங்களா, பந்தெல்லாம் ஆடுமாமே" என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருக்கிறார். ஓமலூர்ச் சின்னுசாமிக் கவுண்டர் மகன் குமாரசாமிக்கு உன்னைக் கேட்டுப் பேச்சு நடந்தது உனக்குத் தெரியும். நீ பட்டணத்தில் சித்தி வீட்டில் இருக்கிறாய் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லியிருந்தோம், பந்து சங்கதியை மூச்சு விடவில்லை. அதனால் உன் அம்மா, இது ஓமலூர்க்காரர்கள் உளவு பார்க்க அனுப்பின ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். மோர் கொடுத்து உட்காரவைத்து, "எம் புள்ளைக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாதுங்க. ஊட்டு வாசலைத் தாண்டி அறியாதவ. பட்டணத்துல எங்க தங்கச்சி ஊட்டுல இருந்துக்கிட்டுப் பலகாரம் செய்யப் பழகறாளுங்க. நீங்க கேக்கற கண்ணாத்தா வேற ஆரோ" என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். அவரும் மோரைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வந்ததும் உன் அம்மா இதைப் பெருமையாகச் சொன்னாள், நானும் நல்ல வேலை செய்தாய் என்றேன்.

பிறகு தந்தி வந்தது. தந்தி என்ற சொல்லைக் கேட்டதுமே உன் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். தபாலாபீஸ் தண்டாயுதபாணிதான் படித்து, "பயப்படாதீங்க மாமா, புள்ள நல்லா இருக்குது" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விவரம் சொன்னான். அனுப்பியது உங்கள் பயிற்சி டீச்சரம்மா சுப்பம்மாள். நம் கட்சியில் வெளிதேசத்தில் பிறந்த பெண் இருப்பதாக யாரோ புகார் எழுதிப் போட்டார்களாம், அதற்காக ஒவ்வொரு பெண்ணின் ஊரிலும் விசாரித்தார்களாம், உன் வீட்டில் மட்டும் அப்படி ஒரு பெண்ணே இல்லை என்று பதில் வந்ததாம். பெற்றவர்கள் உடனே சேலத்தில் விசாரணை ஆபீஸுக்குப் போய் நேரில் சொன்னால் உண்டு, இல்லையென்றால் உன் இடத்தில் வேறு பெண் போவாள் என்று கண்டிருந்தது. அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. இந்தத் தந்தியே ஓமலூர்க்காரர்கள் நம் வாயைப் பிடுங்கச் செய்த ஏற்பாடாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். தண்டாயுதபாணி சிரித்துவிட்டான். "ஏனுங்க மாமா, பொண்ணுப் பாக்கறதுக்குக் கொழும்பு வரைக்கும் ஆராச்சும் கதை கட்டுவாங்களா? மொதல்ல பஸ்ஸைப் புடிங்க" என்றான்.

மறுநாளே நாமக்கல் போய் அங்கிருந்து சேலம் போனோம். அந்த ஆபீஸில் அதே ஒல்லி மனிதர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் சின்னுசாமிக் கவுண்டரின் மைத்துனர், நிச்சயப் பேச்சுக்கு நம் வீட்டுக்கு வந்தவர். இங்கே பேசுவது பொழுது சாய்வதற்குள் ஓமலூருக்குப் போய்விடும். வா, வெளியே போய் யோசித்துச் சொல்லலாம் என்று உன் அம்மாவின் காதில் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைக்கு எதிரே போய் நின்று, "அன்னிக்கு நாஞ் சொன்னது பொய்யிங்க. கலியாணம் தவறிப் போயிருமோன்னு பயந்து சொன்னேன். கண்ணாத்தா நாம் பெத்தவ. எங்க ஊட்டுலயே பொறந்தா, பிரசவம் பாத்த பெருமாயி இன்னும் இருக்கறா, வேணும்னா கேட்டுக்குங்க. எம் புள்ள ஓடுவா, குதிப்பா, பந்தும் போடுவா. அவ பேரை அடிச்சுப்போடாதீங்க சாமி" என்றாள். மைத்துனர் பேனாவை அப்படியே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். உன் அம்மா கைநாட்டு வைத்தாள், பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஒல்லி மனிதர் எழுந்து நின்று, "இந்த ஜில்லாவுல இருந்து போறது உங்க பொண்ணு ஒண்ணுதானுங்க, நல்லபடியாப் போயிட்டு வரட்டும்" என்றார்.

ஓமலூரிலிருந்து ஆள் வந்துவிட்டது. பந்தாடுகிற பெண் எங்களுக்கு ஒத்து வராது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆத்தூர்ப் பக்கம் வேறு பெண் பார்த்து வைத்துக்கொண்டு, நம்மைக் கழற்றிவிடச் சாக்குத் தேடினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது கண்ணு. அந்தப் பையன் மேல் உனக்கு மனசு இருந்ததா என்று நாங்கள் உன்னைக் கேட்கவே இல்லை. இருந்தது என்றால் கூச்சப்படாமல் எழுது, நான் மானம் பார்க்காமல் ஓமலூருக்குப் போய்ப் பேசுகிறேன். இல்லையென்றால் அதையும் எழுது, நாங்கள் நிம்மதியாகச் சாப்பிடுவோம்.

கப்பலில் சுப்பம்மாள் டீச்சரை விட்டு நகராதே. முன்பின் தெரியாதவர்கள் எது கொடுத்தாலும் வாயில் வைக்காதே, அவர்கள் எத்தனை சிரித்துப் பேசினாலும் சரி. தோற்றாலும் ஜெயித்தாலும் நடந்ததை அப்படியே எழுது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவ மறக்க வேண்டாம். நவலடியான் சாமி உனக்குத் துணையிருந்து, போன காலோடு சுகமாகத் திரும்பி வர வேண்டும். உன் அம்மா இப்போது பக்கத்தில் நின்றுகொண்டு இதையும் எழுதினால்தான் ஆயிற்று என்கிறாள்: "நம்ம ஊட்டுக்கு மட்டும் ஆளனுப்பி விசாரிச்சாங்களே, அந்தப் பர்மாக்காரிங்க நெசமா பர்மாக்காரிங்கதானான்னு ஆராச்சும் போய்க் கேட்டாங்களான்னு எழுதுங்க. கேக்கலீன்னா எம் புள்ளையையே கேக்கச் சொல்லுங்க."

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பன்,
அர்த்தநாரி