நான் சர்வீஸ் செய்த மெஷின்

மாடி வார்டில் படுத்திருக்கும் என் மனைவிக்கு,

காய்ச்சல் விடும்வரை உன்னைக் கீழே பாப்பாவிடம் அனுப்பமாட்டார்களாம். அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்கு உன் மூக்கு. அவசரம் மட்டும் என்னுடையது, அதுதான் இவ்வளவு முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். டாக்டர் சொன்னதை நேரில் சொல்கிறேன்.

அவளுக்கு மூச்சு கொடுப்பது போன மாதம் நான் சர்வீஸ் செய்த வென்டிலேட்டர். ஓரத்தில் என் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. வேலையில் குறையில்லை. ஆனால் அதில் என்னென்ன பழுதாகும் என்று எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை. காலையிலிருந்து திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தபோதெல்லாம் நர்ஸ் அக்காவை முந்திக்கொண்டு பட்டனைத் தொடப்போனேன்.

கடைசியில் அவர் கடுப்பாகிவிட்டார். "தம்பி, இங்க நீங்க மெக்கானிக் இல்ல, அப்பா. ஒண்ணு பிள்ளையத் தொடுங்க, இல்ல வெளிய போய் உட்காருங்க."

கையைக் கழுவிவிட்டுத் தொட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

நீ ஜெபிக்கச் சொல்லியிருந்தாய். எனக்கு அதெல்லாம் வராது, தெரியும்தானே. "ஆண்டவரே, மெஷினை நான் பார்த்துட்டேன். இவளை நீங்க பார்த்துக்கங்க" என்றேன். அவ்வளவுதான். பின்னாலிருந்து அக்கா "ஆமென்" என்றார்.

பயம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதன்பிறகு மறுபடியும் அலாரம் அடித்தது. அக்கா வந்து சரிசெய்தார். நான் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என் விரலை விடவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீக்கிரம் காய்ச்சலை விரட்டிவிட்டு வா. அவளுடைய இன்னொரு கை காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா